விரல் விரலாக

உயிரோடு இருப்பவர்களைப் பெரியம்மா பார்க்கிற பார்வையே சரியில்லை என்பாள் அம்மா. அது உண்மைதான். ஃபெர்ரி ஜெட்டியில், மீன் வெட்டித் தரச் சொல்லி வந்து நிற்பவர்களின் தோள் அகலத்தைப் பார்ப்பார். இடுப்பைப் பார்ப்பார். பிறகு ஏதோ ஒரு யோசனை முடிந்துவிட்டதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டு, மீனை அரிவாள்மணையில் வைப்பார்.

எங்கள் சந்தின் முனையில் கட்டட கான்ட்ராக்டர் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். சங்கரன்கோயில் பக்கத்துக்காரர், நல்ல சரீரம். அவரிடம் பெரியம்மா நேராகவே சொல்லிவிடுவார்:

"அண்ணாச்சி, கொஞ்சம் எளைச்சுக்கிடுங்க. ஒங்களப் புரட்ட நாலு ஆளு வேணும். இந்தச் சந்துல நாலு தடி ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"ஏன், நீ முந்திக்கிடக் கூடாதா?" என்பார் அண்ணாச்சி.

"நான் முந்திக்கிட்டா ஒங்கள யாரு குளிப்பாட்டுவா? இந்தத் தொப்பைக்காகவே நான் இருக்க வேண்டியிருக்கு."

ஜெட்டியில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அண்ணாச்சியும் சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்ததும் சட்டையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்வார்.

இந்தத் தீவில், பாம்பூஃப்ளாட்டில் எங்கள் பக்கம் யார் செத்தாலும் பெரியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ஊர்நாட்டில் என்றால் இதற்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். இங்கே வந்தவர்கள் பாதிப்பேர் ஒற்றையாக வந்தவர்கள். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லாரும் மெயின்லேண்டில். சேதி போய், டிக்கெட் கிடைத்து, அவர்கள் கப்பலில் வந்து ஹேடோ துறைமுகத்தில் இறங்கும்போது குழிமேல் புல் முளைத்திருக்கும். அதனால் அவர் போவார். வேதக்காரக் கிறிஸ்தவ வீடு, இந்து வீடு, தெலுங்கு வீடு, வங்காளி வீடு என்று பார்க்க மாட்டார். அம்மை போட்டிருக்கிறது என்றாலும், கடலில் கிடந்து ஊறிய உடம்பு என்றாலும், மற்றவர்கள் வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய்விடுவார். ஒரு வாளி, ஒரு புதுச் சோப்பு, ஒரு பவுடர் டப்பா. வேறு எதுவும் கேட்டதில்லை.

குளிப்பாட்டும்போது பேசிக்கொண்டே இருப்பார். எங்கள் பக்கத்து வீட்டில் குடித்துக் குடித்தே செத்துப்போன மாமாவுக்கு அவர் கை கழுவிவிட்டதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். "நீட்டுலே கைய. கிளாஸப் பாத்தா நீட்டுவியே, இப்ப என்ன? விரல மடக்காத. எனக்கென்ன, நகத்துல அழுக்கோட போய் ஆண்டவர் முன்னால நின்னா ஒனக்குத்தான் அசிங்கம்." அந்த வீட்டு அத்தை அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டோமே என்று மறுபடி அழுதார்.

என் அம்மாவுக்கு மட்டும் ஒப்பவில்லை. மீனை முழுசாகத்தான் வாங்குவாள். செதிலோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தியை வைத்துக்கொண்டு மல்லாடுவாள். "நேத்து ராத்திரி பொணத்தத் தொட்ட கை. எனக்கு எறங்காது" என்பாள். அவருக்கும் அது தெரியும். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒங்கம்மா இன்னைக்கும் முழு மீனாத்தான் கொண்டுபோறா. போவட்டும். கடைசியில எங்கிட்டத்தான வரணும்" என்று சொல்லிச் சிரிப்பார். அதை நான் வீட்டில் சொன்னதில்லை.

சந்தில் எல்லாருக்கும் அவர் பெரியம்மா. ஐம்பதைத் தாண்டிய வயது. காது நிறைய ஓட்டை, ஒன்றிலும் கம்மல் இருக்காது. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கொரோனா வந்தபோது பஞ்சாயத்தில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிவரை போனவன் நான் ஒருவன்தான். இந்தியும் தமிழும் தடுமாறாமல் வரும். கூம்பு ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோவில் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்ததை வாசித்துக்கொண்டு போவேன். "சமூக இடைவெளியைக் கடைப்பிடியுங்கள். கைகளைச் சோப்பினால் நன்கு கழுவுங்கள். காய்ச்சல் அறிகுறி இருப்பின் உடனடியாகத் தகவல் தெரிவியுங்கள்." ஜெட்டியில் பெரியம்மா வண்டியை மறிப்பார்.

"ஏலே மக்கா, ரேடியோல சேதி வாசிக்கவன் மாதிரி வாசிக்க. ஒருத்தன் திரும்பிப் பாத்தானா? கழுவுங்கள் கழுவுங்கள்ங்க. எப்பிடிக் கழுவணும்னு சொன்னியா?"

ஃபெர்ரி ஏறும் இடத்தில் குழாய் வைத்த டிரம் ஒன்றும் சோப்பும் வைத்திருந்தோம். வருகிறவர்கள் விரல் நுனியை நனைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஃபெர்ரி கயிற்றை அவிழ்த்துவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டுமே. பெரியம்மா தன் இடத்தை அந்த டிரம் பக்கத்தில் மாற்றிக்கொண்டார். ஓடுகிற ஒருவனை அதட்டி நிறுத்தினார்.

"ருக்கோ. கழுவினியா நீ? தண்ணிய மோந்து பாத்துட்டுப் போற."

"லேட் ஆயிருச்சு பெரியம்மா."

"உயிரோட இருக்கவன் கையக் கழுவ எல்லாவனுக்கும் லேட்டுதான். செத்தவன் கைய நான் எப்பிடிக் கழுவுதேன் பாத்திருக்கியா? அவசரமே கெடையாது. விரல் விரலா. இந்த இடுக்கு, இந்த நகம், இந்தப் பெருவிரல் அடி. உள்ளங்கைய விரிச்சு, மணிக்கட்டு வரைக்கும். ஒன் கைய நீயே செத்தவன் கைன்னு நெனச்சுக் கழுவு. இல்லேன்னா இன்னொருத்தி கழுவும்படியா ஆயிரும்."

அவன் கழுவினான். பின்னால் நின்றவர்களும் கழுவினார்கள். தங்கள் கைகளையே பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். வங்காளி அக்கா ஒருத்தி, "தீதி, டராவோ மத்" என்றாள். "பயப்படத்தான் சொல்லுதேன்" என்றார் பெரியம்மா, தமிழிலேயே.

கை கழுவ வைக்க முடிந்தது. முகக்கவசமும் போட வைத்தார். காய்ச்சலை மட்டும் வெளியே சொல்ல வைக்க முடியவில்லை.

காரணம் எல்லாருக்கும் தெரியும். காய்ச்சல் என்று சொன்னால் ஆம்புலன்ஸ் வரும். ஆம்புலன்ஸ் வாகன ஃபெர்ரியில் ஏறி அக்கரையில் இருக்கும் சாத்தாமுக்குப் போகும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு. பிழைத்தால் திரும்பி வரலாம். பிழைக்காதவர்கள் இந்தக் கரைக்கு வருவதே இல்லை. பிளாஸ்டிக்கில் பொதிந்து அங்கேயே எங்கேயோ அடக்கிவிடுவார்கள். முகம் பார்க்க முடியாது. தண்ணீர் ஊற்ற முடியாது. சந்தில் அந்தக் காலத்தில் சாவைப் பற்றிப் பேசியவர்களைவிட அந்த பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம். கஷாயத்தைக் குடித்துவிட்டு, பாராசிட்டமாலைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள்.

சந்தின் கடைசி வீட்டில் டிங்கிப் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். இரண்டாவது வருஷம் மழை தொடங்கிய சமயம், ஒரு காலையில் அவருடைய அம்மா இறந்துவிட்டார். நெஞ்சுவலி என்று சொன்னார்கள். பெரியம்மா வாளியோடு வந்தார். என் வண்டியும் அப்போது அங்கேதான் நின்றது. கேட்டின் கொண்டியைத் தூக்கப் போனவர், தூக்காமல் நின்றார்.

"காய்ச்சல் இருந்துச்சாலே?"

"இல்ல பெரியம்மா. நெஞ்சுவலி. திடீர்னு."

"என் மொகத்தப் பாத்துச் சொல்லு."

அவர் பார்க்கவில்லை. உள்ளே யாரோ இருமினார்கள். இருமலை வாய்க்குள்ளேயே அமுக்கப் பார்க்கிற இருமல்.

"உள்ள வாங்க பெரியம்மா," என்றார் அண்ணன். "ஒரு செம்புத் தண்ணி. ஒங்க கையால. அம்மாதான் சொல்லிச்சு, என்ன அக்கரைக்குக் கொண்டுபோயிராத, அவ வந்து எனக்குத் தண்ணி ஊத்தணும்னு. அதுக்காகத்தான் வச்சிருந்தோம்."

பெரியம்மா கேட்டிலிருந்து கையை எடுத்தார். ஒரு அடி பின்னால் வந்தார். அவர் பின்வாங்கி நான் பார்த்தது அன்றுதான். என்னிடம் திரும்பி, "ஹெல்த் சென்டர் சிஸ்டருக்குப் போனப் போடு" என்றார்.

அண்ணன் கையில் இருந்த தண்ணீர் மக்கை வீசி எறிந்தார். அது கேட்டில் பட்டு சந்தில் உருண்டது. "நீயெல்லாம் ஒரு பொம்பளயா? ஒன்ன நம்பித்தான எங்கம்மா செத்துச்சு!" அதற்குமேலும் சொன்னார். எழுத வேண்டாம்.

பெரியம்மா வாளியைத் தரையில் வைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து, இறந்தவரிடம் பேச ஆரம்பித்தார். "ஏட்டி, நான் வாசல்லதான் நிக்கேன். உள்ள வரமாட்டேன். கோவிச்சுக்கிடாத. ஒம் மவன் கத்துதான், காதுல வாங்கிக்கிடாத. தலைமுடிய ஒம் மருமவ நல்லா விரிச்சுப் போட்டுருக்காளான்னு தெரியல, பாத்துக்கோ." சுகாதார மைய ஆட்கள் வந்து உடலைப் பொதிந்து எடுத்துப் போகும்வரை மழையில் நின்று அப்படிப் பேசிக்கொண்டிருந்தார். அந்த வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பேரை ஏற்றிப் போனார்கள். அண்ணனின் மனைவி திரும்பி வந்தார். அண்ணனின் அப்பா வரவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் பெரியம்மா ஜெட்டிக்கே வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"எனக்காகத்தான் மறைக்கானுவ மக்கா," என்றார். "நான் ஒருத்தி இருக்கேன்ல, வந்து கழுவிருவேன்ல. அந்தத் தைரியம். நான் இல்லாம இருந்திருந்தா அந்தக் கெழவன் பொழைச்சிருப்பான்."

"அப்படி இல்ல பெரியம்மா."

"எப்பிடி இல்ல? ஒனக்குத் தெரியுமா?"

பிறகு அவராகவே தெற்குத் தீவில் இருக்கும் ஹட்பேயைப் பற்றிச் சொன்னார். கல்யாணமாகி அங்கேதான் இருந்தாராம். சுனாமியில் கணவர் போய்விட்டார். ஆள் கிடைக்கவில்லை. வீடு, பாத்திரம், போட்டோ எதுவும் இல்லை. ஆனால் கை நீளமாக இருக்கிறது என்று கணவரின் சட்டை ஒன்றை டைலரிடம் கொடுத்திருந்தாராம். டைலர் கடை மேட்டில் இருந்ததால் அது தப்பியது.

"அந்தச் சட்டையத்தான் குளிப்பாட்டுனேன். காலரு, கக்கம், கை, பித்தான் எல்லாம். அதுக்கு முன்னால நான் ஒரு பொணத்தத் தொட்டவ இல்ல, கேட்டியா."

"மனசு ஆறிச்சா?"

"ஆறல. ஆனா அன்னைக்குத் தூங்குனேன்."

சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்து சேலையை உதறினார். "மைக்க எடுத்துட்டு வா" என்றார்.

ஆட்டோவில் நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் பின்னால், வாயிலிருந்து மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தேவையே இல்லாமல் கத்தினார். "ஏ, கேளுங்க. நான்தான் பேசுதேன். காய்ச்சல் வந்தா அக்கரைக்குப் போங்க. சீக்கிரம் போனா திரும்பி வந்துருவிய. போறதுக்கு முன்னால நல்லதா ஒரு உடுப்பு, பொட்டிக்குள்ள இருக்கிறது, சீக்கில்லாத ஆளு கையால என் வேலியில போட்டுட்டுப் போங்க. திரும்பி வந்தா உடுப்ப வாங்கிக்கிடுங்க. வரலேன்னா நான் அதக் குளிப்பாட்டுவேன். ஒங்களக் குளிப்பாட்டுத மாதிரியே குளிப்பாட்டுவேன். எம் புருசனுக்கு அப்பிடித்தான் செஞ்சேன். ஆனா வீட்டுல ஒளிச்சு வச்சுச் செத்தியளோ, உடுப்பும் கெடையாது, நானும் கெடையாது. தூ, வாசலக்கூட மிதிக்க மாட்டேன். அந்தக் கடைசி வீட்டுல மிதிச்சேனா?"

அண்ணனின் வீட்டைத் தாண்டும்போதும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை.

ஆனால் உடுப்புகள் வந்தன. முதலில் ஒரு பாவாடை தாவணி. பிறகு ஒரு சட்டை வேட்டி. ஒரு வெள்ளை கவுன். சிஸ்டர் மலையாளி, ஒரு நாள் வந்து வேலியைப் பார்த்துவிட்டு, "நான் ஒரு வருஷமா கால்ல விழுந்து கேட்டேன், வரல. இந்தத் துணிக்கு வராங்க" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை, களைப்புதான் இருந்தது. பெரும்பாலான உடுப்புகள் வந்தபடியே திரும்பிப் போயின. நோயிலிருந்து பிழைத்து வந்தவர்கள் வேலிக்கு வெளியே நின்று கூப்பிடுவார்கள். "ஏ, என் சேலையக் குடு, அடுத்த மாசம் ஒரு கல்யாணம் இருக்கு." பெரியம்மா அதைக் கம்பில் மாட்டி நீட்டுவார்.

சிலது திரும்பிப் போகவில்லை.

காய்ச்சல் வந்ததும் அண்ணாச்சி அவராகவே வந்தார். தலையில் துண்டும் முகத்தில் கவசமுமாக சந்தின் அந்தப் பக்கமே நின்றுகொண்டார். அவர் மனைவி பட்டுக்கரை வேட்டியையும் சட்டையையும் வேலியில் போட்டார்.

"பாத்தியா, ஒனக்கு வேல மிச்சம்," என்று கத்தினார் அண்ணாச்சி. மூச்சு வாங்கியது. "நாலு ஆளு வேண்டாம். ஒத்த ஆளே தூக்கிரலாம்."

"போயிட்டு வாங்க அண்ணாச்சி. இந்தச் சட்டைக்குள்ள நொழையிற அளவுக்கு எளைச்சிட்டு வாங்க."

அவர் வரவில்லை. சேதி வந்த அன்று பெரியம்மா கல்லில் உட்கார்ந்து அந்தச் சட்டையை எடுத்தார். அண்ணாச்சியின் மனைவி எதிர்ப்பக்கம் தனியாக நின்றார். சந்தில் மற்றவர்கள் அவரவர் வாசலில் நின்றோம். "ஒங்க வழக்கத்துல மஞ்சத்தண்ணி உண்டுமா?" என்று கேட்டார் பெரியம்மா. அந்த அம்மா தலையசைத்தார். முதலில் காலர். "கழுத்தத் தூக்குங்க அண்ணாச்சி." பிறகு தோள். "அம்மாடி, என்ன அகலம்." பிறகு கை, கையின் முனை, இல்லாத விரல்கள். ஒவ்வொன்றாக. சட்டையைத் திருப்பிப் போடும்போது அவர் இரண்டு கையாலும் பிடித்து, கனமான எதையோ புரட்டுகிறவர்போல முக்கினார். அண்ணாச்சியின் மனைவி அதுவரை அழாமல் நின்றவர், அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். போய்ப் பிடிக்க யாராலும் முடியவில்லை. பெரியம்மா தலையைத் தூக்காமலே சொன்னார்: "யாரும் கிட்ட போவாதிய."

காய்ந்த உடுப்பை வீட்டாள் ஒருவர் வந்து கொடியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டு போக வேண்டும். பெரியம்மா எடுத்துத் தர மாட்டார். அது சொந்தக்காரர்கள் செய்ய வேண்டியது என்பார்.

பெரியம்மாவுக்குக் காய்ச்சல் எங்கிருந்து வந்ததோ. ஜெட்டியாக இருக்கலாம். எனக்கு போன் செய்தது விடிந்து கொஞ்ச நேரத்தில். "சிஸ்டர்ட்ட சொல்லிட்டேன். ஒனக்கும் ஒரு வார்த்த" என்றார். நான் ஓடியபோது ஆம்புலன்ஸ் சந்து முனையில் நின்றிருந்தது. அவர் நடந்தே வந்தார். முந்தானையை முகக்கவசத்துக்கு மேலும் சுற்றியிருந்தார்.

"பெரியம்மா, உடுப்பு? யார்ட்டயும் குடுக்கலியே."

"அதெல்லாம் ஆச்சு. நீ தள்ளி நில்லு."

"யார்ட்ட?"

"தள்ளி நில்லுலே," என்றார். ஏறும்போது நின்று திரும்பி, மறந்துபோன ஒன்றைச் சொல்கிறவர்போலச் சொன்னார்: "எதாவது ஆச்சுன்னா வாசல்ல கூட்டம் கூடக் கூடாது. மைக்குல சொல்லு. ஒன் ரேடியோத் தமிழ்ல சொல்லாத."

வாகன ஃபெர்ரி புறப்பட்டபோது ஜெட்டியில் நின்று பார்த்தேன். ஆம்புலன்ஸின் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

சேதி வந்த அன்று மைக்கில் அவர் சொன்னபடியே சொன்னேன். "பெரியம்மா போயிட்டாங்க. யாரும் வாசலுக்கு வராதிய. அவங்கதான் சொல்லச் சொன்னாங்க." யாரும் வரவில்லை. சந்தே காலியாகக் கிடந்தது. சொன்னதைக் கேட்டுத்தான் வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். "பயந்துட்டாங்க" என்றாள் அம்மா. எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அன்று மாலை வேலிப்பக்கம் போனபோதுதான் கொடியைப் பார்த்தேன். நீலக் கரை போட்ட ஒரு வெள்ளைச் சேலை. கோயிலுக்குக் கட்டுகிறது. நாலு கிளிப் போட்டுச் சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. கல்லின் மேல் ஒரு புதுச் சோப்பு, ஒரு தடவை தேய்த்த அளவுக்கு மட்டும் கரைந்திருந்தது. எனக்கு போன் செய்வதற்கு முன்னால், காய்ச்சலோடு அந்தக் கல்லில் உட்கார்ந்து அவர் தன்னையே குளிப்பாட்டியிருக்கிறார். அப்போது தன்னிடம் என்ன பேசியிருப்பார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தையும் தோன்றியதில்லை.

சேலையை எடுக்க ஆளில்லை. சொந்தம் என்று யாரும் கிடையாது. மழை பெய்து நனையும், வெயிலில் காயும், மறுபடி நனையும். சந்தில் போகிறவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். இன்ஜின் ரிப்பேர் அண்ணன் மட்டும் ஒருநாள் அங்கே வெகுநேரம் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு போய்விட்டார்.

ஒரு மத்தியானம் அம்மா எழுந்து செருப்பைப் போட்டாள். நான் கேட்பதற்குள் சந்தைக் கடந்து போய்விட்டாள். பெரியம்மாவின் வேலியைத் திறந்து, கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, சேலையைத் தோளில் போட்டு, கரையோடு கரை சேர்த்து மடித்தாள். நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து தன் பெட்டிக்குள், தன் சேலைகளுக்கு மேலே வைத்தாள்.

பிறகு பின்வாசல் குழாயடிக்குப் போய்ச் சோப்பை எடுத்தாள். நகம், விரல் இடுக்கு, பெருவிரல் அடி. உள்ளங்கையை விரித்து, மணிக்கட்டு வரைக்கும். அவசரமே இல்லாமல், விரல் விரலாக, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கழுவினாள். அம்மா அன்று யாருடைய கையைக் கழுவிக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை.